கூண்டு ஏத்தியாச்சா?

வணக்கம் சார். ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊர்ப் பக்கம் ஒரு ஸ்கூல்ல ஒன்பதாம் கிளாஸுக்கு சோஷியல் எடுக்குறேன். 1964 தனுஷ்கோடி புயல் பத்தி எழுதிட்டு வரச் சொன்னேன். ரயில்ல போய் இறந்தவங்க 115 பேர்னு பாதிப் பசங்க, 200க்கு மேலன்னு மீதிப் பசங்க. எங்கடா பாத்தீங்கன்னு கேட்டா "கூகுள்ல மிஸ்"ங்குறாங்க. எத நம்பலாம்னு பத்து பாயின்ட் செக்லிஸ்ட் கிளாஸ்ல ஒட்டி வச்சிருக்கேன், ஒருத்தனும் திரும்பிப் பாக்கல. என்ன பண்ணலாம்?
ஒரு டீச்சர்

டீச்சர், நானே ஏமாந்த ஆளுதான், அதச் சொல்லிட்டு ஆரம்பிக்கிறேன். ஒரு புயல் நேரம், பாம்பன்ல கடல் ஊருக்குள்ள வந்துருச்சுன்னு வாட்ஸ்அப்ல ஒரு வீடியோ, கார் படகெல்லாம் மிதந்து போகுது, பதறிப்போயி ஃபேமிலி குரூப்ல போட்டுட்டேன், தேவிபட்டினத்துல எங்க பெரியம்மா செருப்புகூட போடாம ரோட்டுக்கு ஓடி வந்துருக்கு. விசைப்படகுல போற மச்சான்தான் போன் போட்டு "பாம்பன்ல எத்தனாம் நம்பர் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏத்தியிருக்கான்னு கேட்டியா மாப்ள? அங்க உனக்கு ஆளே இல்லையா?"ன்னான். அப்புறம் வீடியோவ நிறுத்திப் பாத்தா கடை போர்டு பூரா ஜப்பான் எழுத்து. 2011 சுனாமி வீடியோ.

மச்சான் அந்த வீடியோவப் பாக்கவே இல்லைங்குறத கவனிங்க. வெளிய போயி விசாரிச்சியான்னுதான் கேட்டான். ஸ்டான்ஃபோர்ட் யுனிவர்சிட்டில சாம் வைன்பர்க், சாரா மெக்ரூன்னு ரெண்டு பேர் இதத்தான் ஆய்வு பண்ணி 2017ல வெளியிட்டாங்க. ஹிஸ்டரியில பிஎச்டி முடிச்சவங்க 10 பேர், செய்தி சரிபாக்குறதே தொழிலா இருக்கவங்க 10 பேர், காலேஜ் பசங்க 25 பேர், இவங்ககிட்ட வெப்சைட்டக் காட்டி இத நம்பலாமான்னு பாக்கச் சொன்னாங்க. படிச்சவங்களும் பசங்களும் அந்தப் பக்கத்துலயே மேலயும் கீழயும் உருட்டி லோகோவையும் அட்ரஸையும் பாத்து நிறைய பேர் ஏமாந்துட்டாங்க, சரிபாக்குறவங்க கொஞ்ச நேரத்துலயே வேற டேப் திறந்து இத நடத்துறது யாரு, மத்தவங்க இவங்களப் பத்தி என்ன சொல்றாங்கன்னு தேடப் போயிட்டாங்க.

உங்க செக்லிஸ்ட்ல "வெப்சைட் பேரு டாட் ஆர்க்னு (.org) முடியுதான்னு பார்"னு இருந்தா மொதல்ல அத அடிச்சிருங்க, காசு கட்டுனா யாரும் வாங்கலாம். "எங்களைப் பற்றி" பக்கமும் அப்படித்தான், மீன் விக்கிறவங்ககிட்டயே மீன் புதுசான்னு கேட்டா என்ன சொல்வாங்க? மீனுக்காவது செவுளத் தூக்கிப் பாக்கலாம்.

உங்க கிளாஸ்ல பாதிப்பேர் வீட்ல மீன்பிடிப் படகு இருக்கும். ஏப்ரல் 15ல இருந்து 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், அத நீட்டிச்சிட்டாங்கன்னு ஒரு மெசேஜ் வந்தா அவங்க அப்பா உடனே நம்பிருவாரா? சங்கத்துல கேப்பாரு, மீன்துறை ஆபீஸ்ல கேப்பாரு, அப்புறம்தான் வலையத் தூக்கி வைப்பாரு. இது தினம் வீட்ல பாக்குற விஷயம், போன்லயும் அதையே செய்ங்கடான்னு சொன்னாப் போதும், பத்து பாயின்டெல்லாம் வேணாம்.

115ஆ 200ஆன்னு நீங்களே தீர்ப்பு சொல்லிறாதீங்க. டிக்கெட் எடுத்தவங்கள மட்டும் எண்ணுனா ஒரு கணக்கு, எடுக்காம ஏறுனவங்களையும் சேத்தா வேற கணக்கு. ரெண்டையும் எழுதட்டும், பக்கத்துல எந்த எண்ண யார் சொன்னது, எப்ப சொன்னது, அவங்களுக்கு எப்படித் தெரியும்னு எழுதட்டும், "கூகுள்"னு எழுதுனா மார்க் கிடையாது. தங்கச்சிமடத்துல, பாம்பன்ல அந்த ராத்திரிய நினைவு வச்சிருக்க பெரியவங்க இன்னும் இருக்காங்க, ரெண்டு பசங்கள அனுப்பி கேட்டுட்டு வரச் சொல்லுங்க, அவங்க சொல்றதும் முன்னப்பின்ன இருக்கும், அதையும் அப்படியே எழுதட்டும். எழுதினத எனக்கும் அனுப்புங்க டீச்சர்.