கண்காணிப்பும் கண்விழிப்பும்

அன்புள்ள ஐயா,

ஓர் ஆங்கிலச் சிறுகதையை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். சாகக் கிடக்கும் தாயின் கட்டிலருகே மகன் மூன்று இரவுகள் ‘விஜில்’ இருக்கிறான். அகராதியில் விழிப்பு, காவல், கண்காணிப்பு என்று போட்டிருந்தது. ‘மகன் தாயைக் கண்காணித்தான்’ என்று எழுதினேன். படித்துப் பார்த்த என் தங்கை, “ஏன், அம்மா எழுந்து ஓடிவிடுவாள் என்று பயமா?” என்று கேட்டாள். அதன்பிறகு அந்த வரியைத் தாண்ட முடியவில்லை. விஜில், விஜிலன்ஸ், சர்வைலன்ஸ் எல்லாம் ஒன்றுதானா?

தங்கள் வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் தங்கை சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார். கண்காணிப்பு என்ற சொல்லில் எப்போதும் கொஞ்சம் சந்தேகம் கலந்திருக்கும். கண்காணிப்பவர் மேலே, மற்றவர் கீழே. இலங்கையிலும் மலேயாவிலும் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்து, பக்கத்தில் நின்று வேலை வாங்கிய கங்காணி இந்தச் சொல்லில் பிறந்தவர்தான். ஆங்கிலேயர்கள் அந்தப் பெயரைத் தங்கள் மொழிக்கும் எடுத்துக்கொண்டார்கள். அந்த வாடை இன்னும் போகவில்லை. சாகக் கிடக்கும் தாயின் பக்கத்தில் ஒரு கங்காணியை எப்படி உட்காரவைப்பது?

விஜில் லத்தீன் வேரிலிருந்து வந்தது. அங்கே அதற்குப் பொருள், விழித்திருப்பவன். ரோமானியப் படை இரவை நான்காகப் பிரித்து முறைவைத்துக் காவல் காத்தது. ஒவ்வொரு முறைக்கும் ‘விஜிலியா’ என்று பெயர். நம் சாமம் போல. பழைய தமிழ் விவிலியத்தில் ‘இரவின் நாலாம் ஜாமத்திலே’ என்று வருவது இந்தக் கணக்குதான். கி.பி. 6இல் அகஸ்டஸ் ரோம் நகரத்துக்காக ஏழு பிரிவுகள் கொண்ட ஒரு படையை அமைத்தார். நகரின் 14 வட்டாரங்களில் இரண்டிரண்டு ஒவ்வொரு பிரிவின் பொறுப்பு. இரவில் சுற்றிவந்து எங்காவது தீப்பிடித்தால் அணைப்பதுதான் அவர்களுடைய முதல் வேலை. அவர்களுக்கும் ‘விழித்திருப்பவர்கள்’ என்றுதான் பெயர். ஊர் நிம்மதியாகத் தூங்குவதற்காகத் தூங்காமல் இருந்தவர்கள். இந்தச் சொல்லில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

ஆங்கிலத்துக்குள் அது 13ஆம் நூற்றாண்டில் தேவாலயத்தின் வழியாக நுழைந்தது: பெருவிழாவுக்கு முந்தைய இரவு கண்விழித்து ஜெபிப்பது. ஈஸ்டருக்கு முந்தைய இரவைத் தமிழ்க் கத்தோலிக்கர்கள் ‘பாஸ்கா திருவிழிப்பு’ என்கிறார்கள். என்ன அழகான மொழிபெயர்ப்பு!

விஜிலன்ஸும் தேர்வறை இன்விஜிலேட்டரும் இதே வேரில் வந்த பங்காளிகள்தான். முன்னதற்கு விழிப்புணர்வு, எச்சரிக்கை என்று இடம் பார்த்து எழுதலாம். சர்வைலன்ஸ் பிரெஞ்சு வழியாக வந்தது. மேலிருந்து விழித்திருப்பது என்று பொருள். பிரெஞ்சுப் புரட்சியில், 1793இல், அந்நியர்களையும் சந்தேகத்துக்குரியவர்களையும் நோட்டமிட அமைத்த குழுக்களுக்கு அந்தப் பெயர். அதற்குக் கண்காணிப்பு என்பது கச்சிதமாகப் பொருந்தும். அங்கே தாராளமாகப் பயன்படுத்துங்கள்.

இனி உங்கள் வரிக்கு வருகிறேன். என் அப்பாவின் கடைசி வாரத்தில் நானும் தம்பியும் மாற்றி மாற்றி விழித்திருந்தோம். பார்ப்பதற்கு அங்கே ஒன்றுமில்லை. டிரிப்ஸ் சொட்டிக்கொண்டிருக்கும். அவர் மூச்சு ஒருமுறை இழுத்துவிட்டு நின்றுபோகும். அடுத்த மூச்சு வரும்வரை நானும் மூச்சுவிட மறந்திருப்பேன். ஒருநாள் பின்னிரவில் கண்ணைத் திறந்து, “நீ தூங்கலையா?” என்று கேட்டார். “இல்லப்பா, இங்கதான் இருக்கேன்” என்றேன். மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். அந்த ஒரு பதிலைச் சொல்வதற்காகத்தான் அத்தனை இரவும் விழித்திருந்தேன் என்று இன்றுவரை நம்புகிறேன்.

உங்கள் வரியில் வினையைவிட வேற்றுமை உருபுதான் அதிகம் உறுத்துகிறது. ‘தாயை’ என்று இரண்டாம் வேற்றுமை வந்துவிட்டால் அவள் பார்க்கப்படும் பொருளாகிவிடுகிறாள். ‘ஐ’யை எடுத்துவிட்டு ‘ஓடு’ போட்டுப் பாருங்கள்: ‘மூன்று இரவுகள் கண்மூடாமல் அம்மாவோடு இருந்தான்.’ ‘அம்மாவுக்குத் துணையாகக் கண்விழித்திருந்தான்’ என்றும் எழுதலாம். ஆனால் துணை என்ற சொல் வெளிப்படையாக வராத முதல் வரியே எனக்குப் பிடித்திருக்கிறது. ‘தாய்’ வேண்டாம், ‘அம்மா’வே இருக்கட்டும், அந்த நேரத்தில் மகனுக்கு அவள் அம்மாதான்.

கடைசி இரவில் அவன் தன்னையறியாமல் தூங்கிப்போவதாகக் கதையில் வந்தால், ‘தூங்கிவிட்டான்’ என்று எழுதிவிடாதீர்கள். ‘கண் அசந்துவிட்டது’ என்று எழுதுங்கள்.

அன்புடன்.