எழும்பிய டெக் பலகை: "அது சீசன்" என்று குத்தகையாளர் கைகழுவ முடியுமா?

கேள்வி: தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்து ஓய்வு பெற்றவன். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) குடியிருக்கிறேன். போன டிசம்பரில் வீட்டின் பக்கவாட்டில் 24 அடி நீளத்துக்குக் காம்போசிட் பலகையில் டெக் (பலகை வெளித்தளம்) போட்டோம். பேசிய தொகை 9,000 வெள்ளி (ரிங்கிட்), 7,500 கொடுத்துவிட்டேன். பிப்ரவரி வெயிலில் நடுவே பலகைகள் எழும்பி ஸ்குரூக்கள் பிடுங்கிக்கொண்டன. மனைவி தடுக்கி விழுந்து கால் விரலில் அடி, கிளினிக் செலவு 180 வெள்ளி. குத்தகையாளர் தெரிந்த பையன்தான். "அங்கிள், இது பலகையோட குணம். சீசனுக்கு விரியும், சுருங்கும். மழை வந்தா படிஞ்சிடும்" என்கிறார். ரசீதின் அடியிலும் "பலகை விரிவதற்கும் சுருங்குவதற்கும் நாங்கள் பொறுப்பல்ல" என்று அச்சிட்டிருக்கிறது. மீதி 1,500 வெள்ளியைக் கொடுக்காவிட்டால் லோயர் கடிதம் வரும் என்கிறார். நான் என்ன செய்யலாம்?

பதில்: ஐயா, அவர் சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாதியே உங்களுக்குச் சாதகமானது.

காம்போசிட் பலகை என்பது மரத்தூளையும் பிளாஸ்டிக்கையும் கலந்து உருக்கி வார்த்தது. சாதாரண மரப்பலகை ஈரத்தில் அகலவாக்கில் உப்பும், நீளத்தில் பெரிதாக அசையாது. இது அப்படியல்ல. வெயில் பட்டால் நீளவாக்கில் வளரும். விடியற்காலையில் 24 டிகிரியில் இருக்கும் கருநிறப் பலகை நண்பகல் வெயிலில் 60 டிகிரியைத் தொட்டுவிடும். அந்த வித்தியாசத்துக்கு 12 அடிப் பலகை ஒன்று சுமார் 5 மில்லிமீட்டர் நீளும். பலகையின் வகையைப் பொறுத்துக் கொஞ்சம் கூடும், குறையும். நீங்கள் அனுப்பிய படங்களில் இரண்டு பலகைகள் முனையோடு முனை ஒட்டி நிற்கின்றன. ஒரு கோடியில் வீட்டுச் சுவர், மறு கோடியில் வேலிச் சுவர், எங்கும் விரல் நகம் நுழைய இடமில்லை. அப்படியானால் 10 மில்லிமீட்டர் எங்கே போகும்? மேலேதான் போகும். இரு முனையும் அடைபட்ட பலகை 5 மில்லிமீட்டர் நீண்டாலே நடுவில் பல சென்டிமீட்டர் எழும்பப் பார்க்கும். ஸ்குரூ பிடுங்கியதில் ஆச்சரியமே இல்லை.

"சீசன்" என்ற பேச்சு குளிர்நாட்டு விளக்கத்தாள்களிலிருந்து வந்தது. அங்கே பனிக்காலத்துக்கும் கோடைக்கும் இடையே பலகை சுருங்கி விரியும். நம் ஊரில் மாதத்துக்கு மாதம் வெப்பம் அவ்வளவு மாறுவதில்லை, காலைக்கும் மதியத்துக்கும்தான் மாறுகிறது. மழை வந்தால் கொஞ்சம் படியும், சரி. மறுநாள் வெயிலில் திரும்ப எழும்பும். பிடுங்கிய ஸ்குரூ மட்டும் தானாகத் துளைக்குள் போய் உட்காராது.

இப்போது சட்டம். 1999-ஆம் ஆண்டின் மலேசியப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் வீட்டுக்கு வாங்கும் பொருளுக்கும் பொருந்தும், வீட்டில் செய்து தரும் வேலைக்கும் பொருந்தும். பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்பது 32-வது பிரிவு. வேலையை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும் என்பது 53-வது பிரிவு. உங்கள் வழக்கை 53-இல் நிறுத்துங்கள். பலகை தரமில்லை என்று சண்டை பிடித்தால், விரிவது அதன் குணம் என்று அவர் எளிதில் பதில் சொல்லிவிடுவார். "விரியும் என்று உங்களுக்கே தெரியும், பிறகு ஏன் இடைவெளி விடவில்லை?" என்று கேட்டால் அவரிடம் பதில் இருக்காது. பலகையின் குணம் அவருக்கு முன்பே தெரியும் என்பதற்கு அந்த ரசீது வரியைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

அந்த வரி அவரைக் காப்பாற்றவும் காப்பாற்றாது. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் இந்தச் சட்டம் செல்லும் என்று 6-வது பிரிவு சொல்கிறது. ரசீது அச்சடிக்கும்போது பழைய வாசகத்தையே நகல் எடுக்கும் பழக்கம் நம் ஊரில் நிறைய உண்டு. அதைப் பார்த்து மிரள வேண்டாம்.

எழும்பிய பலகைகளை நீங்களே கழற்றாதீர்கள். முதலில் சாட்சியைச் சேருங்கள். காலை ஏழு மணிக்கும் மதியம் இரண்டு மணிக்கும் அதே இடத்தில் அளவுநாடா வைத்துப் படம் எடுங்கள். நடுவே உள்ள மூட்டும் இரு சுவரோரமும் கட்டாயம் வேண்டும். மிச்சமான பலகைத் துண்டோ அதன் உறையோ இருந்தால் பிராண்ட் பெயரைப் பார்த்து, தயாரிப்பாளரின் பொருத்தும் கையேட்டைத் தேடி எடுங்கள். முனையில் எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்று அதில் எண்ணாகவே போட்டிருப்பார்கள். அந்தப் பக்கம் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. ஆனால் ஒன்று: சரியாகப் போட்ட டெக்கிலும் முனையிடைவெளி காலையில் அகலமாகவும் மதியத்தில் குறுகலாகவும் தெரியும். வேறு எங்காவது அப்படி இருந்தால் அதைக் குறையாக எழுதாதீர்கள்.

அப்புறம் ஒரு கடிதம். சீர்செய்து தரும் வாய்ப்பை முதலில் அவருக்குத்தான் கொடுக்க வேண்டும். முனைகளை வெட்டி இடைவெளி விட்டு, கெட்ட பலகைகளை மாற்றி, 14 நாளில் முடித்துத் தரும்படி கேளுங்கள். 14 நாள் என்பது சட்டம் விதித்த கணக்கல்ல, இந்த வேலைக்கு நியாயமான காலம். வாட்ஸ்அப்பிலும் அனுப்புங்கள், பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள். அந்த 1,500 வெள்ளியைப் பற்றி "தர மாட்டேன்" என்று எழுதாமல், "வேலை சரியானதும் தருகிறேன்" என்று எழுதுங்கள். பின்னால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போக நேர்ந்தால், இரண்டுக்கும் அங்கே பெரிய வித்தியாசம் உண்டு.

அவர் அசையவில்லை என்றால், வேறு இரண்டு குத்தகையாளர்களிடம் பழுது பார்க்கும் செலவுக்குக் கோட்டேஷன் வாங்கிக்கொண்டு பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போங்கள். 50,000 வெள்ளி வரையுள்ள கோரிக்கைகளை அது விசாரிக்கும். பாரம் 1 என்ற படிவத்தை நிரப்பி 5 வெள்ளி கட்டினால் போதும். பிரச்சினை எழுந்து மூன்று ஆண்டுக்குள் பதிய வேண்டும், உங்களுக்கு அந்தக் கவலை இல்லை. விசாரணையில் இரு தரப்புக்கும் வழக்கறிஞர் வாதாட முடியாது. வழக்கறிஞரான எங்கள் தொழிலுக்கு அது நஷ்டம், உங்களுக்கு லாபம். தமிழில் நடந்த பேச்சுகளையும் வாட்ஸ்அப் செய்திகளையும் மலாயில் ஒரு பக்கத்தில் தேதியோடு எழுதி எடுத்துப் போங்கள்.

கோரும் தொகையில் கை அடக்கம் வேண்டும். 9,000 வெள்ளியையும் திருப்பிக் கேட்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பலகைகளைத் தாங்கும் அடிச்சட்டம் நன்றாக இருக்கிறது, பெரும்பாலான பலகைகளும் நன்றாக இருக்கின்றன என்றால் முழுத் தொகை கிடைப்பது கடினம். பழுது பார்க்கும் செலவைக் கேளுங்கள். அதில் நீங்கள் வைத்திருக்கும் 1,500 கழியலாம், ஏனென்றால் அவரும் பாரம் 2-இல் எதிர்க்கோரிக்கை வைக்க உரிமை உண்டு.

உங்கள் மனைவியின் கால் விரல் விஷயம் வருத்தமானது. ஆனால் அந்த 180 வெள்ளியைப் பாரத்தில் சேர்க்காதீர்கள். உடல் காயம் தொடர்பான கோரிக்கையை இந்தத் தீர்ப்பாயம் விசாரிக்காது, அதற்கு நீதிமன்றம்தான் போக வேண்டும். 180 வெள்ளிக்கு அங்கே போவது வீண். குத்தகையாளரிடமே மனிதாபிமான முறையில் கேட்டுப் பாருங்கள்.

லோயர் கடிதம் வந்தால் வரட்டும். பயந்து பணத்தைக் கட்டிவிடாமல், உங்கள் கடிதத்தின் நகலோடு பதில் அனுப்புங்கள். நீங்கள் முதலில் தீர்ப்பாயத்தில் பதிந்துவிட்டால், அதே பிரச்சினையை அவர் தனியாக நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக முடியாது.

தீர்ப்பாயத்தின் நோட்டீஸ் கைக்குக் கிடைத்ததும் "அங்கிள், நமக்குள்ள பேசிக்கலாம், கேஸை வாபஸ் வாங்குங்க" என்று அவர் போன் செய்ய வாய்ப்பு அதிகம். பேசுங்கள், நல்லதுதான். வாபஸ் மட்டும் வாங்காதீர்கள். ஒத்துக்கொண்டதை விசாரணை நாளில் தீர்ப்பாயத்தின் முன் சொல்லிப் பதியச் செய்யுங்கள். அது தீர்ப்பாகவே கருதப்படும், மாஜிஸ்திரேட் நீதிமன்ற உத்தரவு போலச் செல்லும். அதன் பிறகும் குறித்த தேதிக்குள் அவர் செய்யாவிட்டால் அது குற்றம்.