ரீஃப் டேங்கில் கால்சியமும் கேஎச்சும்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

ரீஃப் டேங்க் என்றால் உயிருள்ள பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி. கேஎச் என்பது தண்ணீரில் உள்ள பைகார்பனேட், கார்பனேட்டின் அளவு, அதன் அலகு டிகேஎச். கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிபிஎம்மில், அதாவது லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று சொல்வோம். கீழே வரும் எண்களெல்லாம் உப்புத்தன்மை 35 பிபிடி (கிலோவுக்கு 35 கிராம் உப்பு) இருக்கும் தண்ணீருக்கானவை. முதலில் அதைச் சரிபார்த்துவிட்டு மேலே படியுங்கள்.

கேள்வி: சார், 200 லிட்டர் டேங்க். கால்சியம் 420-லேயே நிற்கிறது. கேஎச் மட்டும் நாலு நாளில் 8.4-லிருந்து 7-க்கு இறங்கிவிட்டது. கால்சியம் டெஸ்ட் கிட் கெட்டுப்போச்சா?

கிட் நன்றாகத்தான் இருக்கிறது. பவளம் எலும்புக்கூடு கட்டும்போது இரண்டையும் ஒரே விகிதத்தில்தான் எடுக்கும். கேஎச் 2.8 குறைந்தால் கால்சியம் 20 பிபிஎம் குறையும். உங்களுக்குக் குறைந்தது 1.4, அதாவது கால்சியத்தில் வெறும் 10. வீட்டுக் கிட்டில் 420-க்கும் 410-க்கும் வித்தியாசம் பிடிபடாது. கேஎச்சில் அதே செலவு ஆறில் ஒரு பங்கு. அதனால்தான் எல்லோரிடமும் சொல்கிறேன்: வாரத்தில் ஒரே ஒரு டெஸ்ட்தான் எடுக்க முடியும் என்றால் கேஎச் எடுங்கள். எப்போதும் ஒரே நேரத்தில் எடுங்கள்.

உங்கள் டேங்கின் செலவு நாளைக்கு 0.35 டிகேஎச். அதை ஈடுகட்ட தினமும் சுமார் 2 கிராம் சோடியம் பைகார்பனேட்டும், 1.8 கிராம் கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட்டும் போதும். பாறையும் மணலும் அடைக்கும் இடத்தைக் கழித்துவிட்டு, உண்மையில் இருக்கும் தண்ணீருக்குக் கணக்குப் போடுங்கள்.

கேள்வி: அந்த பைகார்பனேட் மளிகைக் கடை ஆப்ப சோடாதானே?

அதேதான். பாக்கெட்டில் வேறு எதுவும் சேர்க்காததாகப் பார்த்து வாங்குங்கள். பேக்கிங் பவுடர் வேறு பொருள், அது வேண்டாம். 100 லிட்டருக்கு 1 டிகேஎச் ஏற்ற 3 கிராம். பிஎச் தாழ்ந்தே இருக்கும் டேங்க் என்றால், சோடாவை 150 டிகிரி ஓவனில் ஒரு மணி நேரம் வறுத்தெடுங்கள். கார்பனேட்டாக மாறி எடை குறைந்திருக்கும், ஆகவே 3 கிராமுக்குப் பதில் 1.9 கிராம்.

கேள்வி: சோடா, கால்சியம் குளோரைடு இரண்டையும் ஒரே பாட்டிலில் கலந்து வைக்கலாமா?

கூடாது. பாட்டிலிலேயே வெள்ளையாகத் திரிந்து சுண்ணாம்புக்கல்லாக அடியில் படியும். தனித்தனியாக, தண்ணீர் வேகமாக ஓடும் இடத்தில், இடைவெளி விட்டு ஊற்றுங்கள்.

கேள்வி: அண்ணா, எவ்வளவு போட்டாலும் கால்சியமும் ஏறவில்லை, கேஎச்சும் ஏறவில்லை. ஹீட்டர் மேல் வெள்ளையாகக் கெட்டிப்பட்டிருக்கிறது. டேங்கில் பவளமே குறைவு.

நீங்கள் போடுவது ஹீட்டரில்தான் போய் ஒட்டுகிறது. மெக்னீசியம் பார்த்தீர்களா? கடல்நீரில் அது 1300 பிபிஎம் அளவில் இருக்கும். கால்சியம் கார்பனேட் படிகம் வளரத் தொடங்கியதும் மெக்னீசியம் அதன் மேற்பரப்பில் உட்கார்ந்து, மேலே வளரவிடாமல் தடுக்கிறது. அது குறைந்தால் தடுப்பு போய்விடும். சூடான இடத்தில், பம்ப் இம்பெல்லரில் எல்லாம் சுண்ணாம்பு படியும். கால்சியத்தையும் சோடாவையும் இரண்டு நாள் நிறுத்துங்கள். மெக்னீசியத்தை மெல்ல 1300-க்கு மேல் கொண்டுவாருங்கள். ஹீட்டரையும் பம்பையும் கழற்றி வினிகரில் ஊறவையுங்கள், வெள்ளை நுரைத்துக் கரையும். அதற்குப் பிறகு மறுபடி அளந்து ஆரம்பியுங்கள்.

கேள்வி: கால்க்வாசர் என்பது சுண்ணாம்புத் தண்ணீர்தானே? வெற்றிலைச் சுண்ணாம்பைப் போடலாமா?

பொருள் ஒன்றுதான், கால்சியம் ஹைட்ராக்சைடு. ஆனால் வெற்றிலைச் சுண்ணாம்பில் மணலும் வேகாத கல்லும் எவ்வளவு, வேறு என்ன சேர்ந்திருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. பவளத்தோடு அந்தச் சோதனை வேண்டாம். தூய பொடி வாங்குங்கள், விலை அதிகமில்லை.

எனக்கு மிகப் பிடித்த முறை கால்க்வாசர்தான். பவளம் எடுக்கும் அதே விகிதத்தில் கால்சியம், கேஎச் இரண்டையும் திருப்பித் தருகிறது, உப்பு மிச்சம் விடுவதில்லை. ஒரு லிட்டர் ஆர்ஓ தண்ணீரில் 1.5 கிராம் கலக்கி, மூடி வைத்துத் தெளியவிடுங்கள். திறந்து வைத்தால் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு பட்டு மேலே ஏடு கட்டும், அவ்வளவும் வீண். தெளிந்த நீரை மட்டும் இரவில் சொட்டு சொட்டாக விடுங்கள். அதன் பிஎச் 12-க்கு மேல். மொத்தமாக ஊற்றினால் மீன் செத்துவிடும். முதல் கேள்வி கேட்டவரின் டேங்குக்கு நாளைக்கு ஏறக்குறைய 600 மில்லி போதும்.

கேள்வி: கேஎச் 12 வைத்திருக்கிறேன், வேகமாக வளரும் என்றார்கள். அக்ரோபோரா பவளத்தின் நுனி வெளுத்துவிட்டது.

நைட்ரேட், பாஸ்பேட் கிட்டத்தட்ட பூஜ்யமாக இருக்கும் டேங்கில் உயர்ந்த கேஎச் நுனியைக் கருக்கும். ஆசிட் ஊற்றி இறக்காதீர்கள். சோடாவை நிறுத்தினால் பவளமே இறக்கிவிடும். 8-ஐ ஒட்டி நிலையாக வையுங்கள். கடலில் 7-தான்.

கேள்வி: சாஃப்ட் கோரலும் சோயாந்தஸும் மட்டும் இருக்கிறது. என்ன போடணும்?

அவை கல் எலும்புக்கூடு கட்டாதவை, எதுவும் வேண்டாம். வாரா வாரம் தண்ணீர் மாற்றுங்கள்.

கேள்வி: ராமேஸ்வரம் கரையில் காய்ந்த பவளத் துண்டுகள் கிடக்கின்றன. கால்சியம் ரியாக்டருக்கு (கல்லைக் கரைத்துக் கால்சியமும் கேஎச்சும் தரும் கருவி) எடுத்து வரலாமா?

தயவுசெய்து தொடாதீர்கள். கல் பவளங்கள் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. செத்த துண்டும் குற்றம்தான். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும் நீரில் மூழ்கிவிட்டன. சுண்ணாம்புக்காகப் பல காலம் பவளம் வெட்டியது அதற்குப் பெரிய காரணம். ரியாக்டருக்கு அரகோனைட் (ஒரு வகைக் கால்சியம் கார்பனேட்) கற்கள் கடையில் கிடைக்கும்.

கேள்வி: ஊருக்குப் போய்த் திரும்பினால் கேஎச் 5. இன்றே 8-க்கு ஏற்றிவிடலாமா?

நாளைக்கு 1 டிகேஎச்சுக்கு மேல் வேண்டாம், அதையும் காலை மாலை என்று பிரித்துப் போடுங்கள். 5-ல் சில நாள் இருந்துவிட்ட பவளத்துக்கு இன்னும் மூன்று நாள் பெரிதல்ல, ஒரே நாளில் வரும் தாவல்தான் அதைச் சாகடிக்கும்.