கணினி கேள்வி – பதில்: ஹார்டு டிஸ்க்கைச் செருகினால் சிஸ்டம் நிற்பது ஏன்?

கேள்வி: சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை நடத்துகிறோம். பதினொரு ஆண்டுகளாகச் செய்த கொலுசு டிசைன்களின் படங்களும் கணக்குகளும் 1 டி.பி. எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் ஒன்றில் இருக்கின்றன. சில வாரங்களாக அதைக் கேபினட்டின் முன்பக்கம் செருகியதும் மவுஸ் அம்பு சுற்றத் தொடங்கி, சிஸ்டம் முழுவதும் ஹேங் ஆகிவிடுகிறது. கேபிளைப் பிடுங்கினால் சில நொடிகளில் சரியாகிறது. செருகியபடியே ஆன் செய்தால் லோகோவைத் தாண்டுவதில்லை. பென் டிரைவ்கள் எல்லாம் நன்றாக வேலை செய்கின்றன. ஃபார்மேட் செய்தால் சரியாகிவிடும் என்று ஒருவர் சொல்கிறார். செய்யலாமா?
— ஒரு வாசகர், செவ்வாய்ப்பேட்டை

பதில்: ஃபார்மேட் செய்யவே செய்யாதீர்கள். கரண்ட் போதாமையோ கேபிள் பழுதோ டிஸ்க்கின் தேய்மானமோ, எதையும் ஃபார்மேட் குணப்படுத்தாது. உங்கள் பதினொரு ஆண்டு உழைப்பு மட்டும் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். எனக்குத் தெரிந்த அம்மாபேட்டை ஸ்டுடியோக்காரர் ஒருவரின் டிஸ்க்கை, பழுது பார்க்கக் கொடுத்த இடத்தில் முதல் வேலையாக ஃபார்மேட் செய்துவிட்டார்கள். பழுதாகியிருந்தது கேபிள்தான் என்பது அதன் பிறகே தெரிந்தது. மீட்டெடுத்த கல்யாணப் படங்களில் பெரும்பாலானவை பெயரும் தேதியும் இழந்து வந்தன. எந்தப் படம் எந்த வீட்டுக் கல்யாணம் என்று பிரிக்கவே அவருக்குப் பல நாட்கள் ஆயின. அதே காரணத்தால், டிஸ்க்கைச் செருகும்போது திரையின் மூலையில் 'ஸ்கேன் செய்து சரிசெய்யவா' என்று விண்டோஸ் கேட்டாலும், படங்களை வேறிடத்தில் பிரதி எடுத்து முடிக்கும்வரை அதற்குச் சம்மதிக்க வேண்டாம்.

ஒரு டிஸ்க்கைச் செருகியதற்காக முழுக் கணினியும் ஏன் நிற்க வேண்டும் என்பது நியாயமான சந்தேகம். செருகப்பட்ட டிஸ்க்கிடம் அதன் அளவு என்ன, எந்தெந்தக் கோப்புகள் எங்கே இருக்கின்றன என்று விண்டோஸ் கேட்கிறது. பதில் வரும்வரை அந்த டிஸ்க்கை நாடிய ஒவ்வொரு நிரலும் காத்திருக்கிறது. ஒரு கோரிக்கைக்கு விண்டோஸ் வழக்கமாக 60 நொடிகள் வரை பொறுத்திருந்து, பதில் வராவிட்டால் மறுபடியும் கேட்கும் என்பதால், நான்கைந்து கோரிக்கைகள் வரிசையில் நின்றாலே பல நிமிடங்கள் கடந்துவிடும். நீங்கள் கேபிளைப் பிடுங்கியதும் காத்திருப்பு ரத்தாகி எல்லாம் இயங்கத் தொடங்குகிறது. எனவே உங்கள் விண்டோஸிலோ ராம் நினைவகத்திலோ கோளாறு இருக்க வாய்ப்பு குறைவு. பதில் சொல்ல முடியாமல் தவிப்பது டிஸ்க்தான். அதற்கு மின்சாரம் போதவில்லையா, கேபிள் தடுக்கிறதா, டிஸ்க்கே நலிந்துவிட்டதா என்பதைத்தான் நாம் கண்டுபிடிக்க வேண்டும்.

பென் டிரைவ் வேலை செய்கிறது என்பதைக் கொண்டு போர்ட் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது. பென் டிரைவில் சுழலும் பாகம் எதுவும் இல்லை. அதற்குச் சொற்ப மின்னோட்டம் போதும். ஹார்டு டிஸ்க்கிலோ தட்டுகளைச் சுழற்ற ஒரு மோட்டார் இருக்கிறது, அது ஓடத் தொடங்கும் ஓரிரு நொடிகளில் சில டிஸ்க்குகள் 1 ஆம்பியர் வரைகூட இழுக்கும். யு.எஸ்.பி. 2.0 போர்ட் தர வேண்டியது 500 மில்லி ஆம்பியர்; 3.0 போர்ட் தர வேண்டியது 900. போர்ட்டின் உள்ளே நாக்குப் போலத் தெரியும் பிளாஸ்டிக் கறுப்பாக இருந்தால் பெரும்பாலும் முன்னது, நீலமாக இருந்தால் பின்னது. கேபினட்டின் முன்பக்கப் போர்ட்டுகள் மதர்போர்டிலிருந்து மெல்லிய ஒயர் வழியாக நீட்டிக்கப்பட்டவை என்பதால், மின்னழுத்தம் வழியிலேயே சற்றுக் குறைகிறது. பின்பக்கப் போர்ட்டுகளோ மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டவை. ஆகவே, ஹப்போ எக்ஸ்டென்ஷன் கேபிளோ இடையில் இல்லாமல், பின்பக்க நீலப் போர்ட் ஒன்றில் நேரடியாகச் செருகிப் பாருங்கள். என் அனுபவத்தில் இத்தகைய புகார்களில் கணிசமானவை இந்த இடத்திலேயே தீர்ந்துவிடுகின்றன.

செருகும்போது டிஸ்க்கை மேசை மேல் அசையாமல் வைத்து, காதை அதனருகே கொண்டுசெல்லுங்கள். நலமான டிஸ்க் மெல்ல முடுக்கம் பெற்று, பிறகு ஒரே சீரான ரீங்காரத்தில் நிலைத்துவிடும். சுழலத் தொடங்கி, 'டிக்' என்று ஓர் ஒலி எழுந்து, ஓய்ந்து, மறுபடி சுழலத் தொடங்குவது திரும்பத் திரும்ப நிகழ்ந்தால் மின்சாரம் போதவில்லை, அல்லது உள்ளே எழுத்தைப் படிக்கும் தலைப்பகுதி பழுதாகிவிட்டது என்று பொருள். பின்பக்கப் போர்ட்டிலும் இன்னொரு கணினியிலும் அதே ஒலி கேட்டால் அத்துடன் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் வீட்டில் செய்யக்கூடியது எதுவும் இல்லை. தரவு மீட்பை மட்டுமே தொழிலாகச் செய்யும் ஆய்வகத்தில்தான் கொடுக்க வேண்டும். டிஸ்க்கை ஃபிரிட்ஜில் வைத்தால் உயிர் வரும் என்று ஒரு யோசனை உலவுகிறது. சேலத்து வெயிலில் அதை வெளியே எடுத்த மறுகணமே ஈரம் படியும் என்பதால் தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

அடுத்தது கேபிள். டிஸ்க் பக்கம் செருகும் முனை, அகலமான ஒரு பகுதியும் அதை ஒட்டிய சிறு பகுதியுமாக இரட்டையாக இருக்குமல்லவா, அந்தச் சிறு பகுதியில்தான் 3.0 வேகத்துக்கான ஐந்து இணைப்புகள் உள்ளன. ஆண்டுக்கணக்கில் செருகிப் பிடுங்கும்போது அந்த முனை தளர்ந்து, லேசாகத் தொட்டாலே தொடர்பு அறுந்து மீளும் நிலைக்கு வந்துவிடுகிறது. பட்டறை மேசையில் வைத்திருந்தால் மெருகுத் தூளும் அதனுள் புகுந்திருக்கக்கூடும். நல்ல வெளிச்சத்தில் பார்த்து, உலர்ந்த மென்மையான பிரஷ்ஷால் துடையுங்கள். பிறகு அரை மீட்டருக்கு மிகாத புதிய கேபிள் ஒன்றை வாங்கி மாற்றிப் பாருங்கள். டிஸ்க்கை விடக் கேபிள் மலிவு, அதிலுள்ள படங்களோடு ஒப்பிட்டால் சொல்லவே வேண்டியதில்லை.

இதிலும் தீராவிட்டால், வேறொரு லேப்டாப்பில் ஒரே ஒரு முறை, ஓரிரு நிமிடங்கள் மட்டும் செருகிப் பாருங்கள். அங்கே ஒழுங்காகத் திறந்தால், உடனே அங்கேயே பிரதி எடுத்துவிட்டு, பிறகு உங்கள் கணினியின் எஸ்.எம்.பி.எஸ்.ஸை, அதாவது கேபினட்டுக்குள் மின்சாரம் வழங்கும் பெட்டியை, சோதிக்கச் சொல்லுங்கள். பழைய எஸ்.எம்.பி.எஸ்.ஸில் கெப்பாசிட்டர்கள் உப்பிப்போய், கூடுதல் சுமை வரும்போது 5 வோல்ட் தடுமாறுவது உண்டு. அங்கேயும் நின்றுவிட்டால் டிஸ்க்கின் மீதே சந்தேகம் திரும்புகிறது. இதை உறுதிசெய்ய விண்டோஸிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. ஸ்டார்ட் மெனுவில் 'ஈவென்ட் வியூவர்' என்று தேடித் திறந்து, 'விண்டோஸ் லாக்ஸ்' என்பதன் கீழ் 'சிஸ்டம்' பகுதியில், கணினி நின்ற அதே நேரத்துக்குரிய பதிவுகளைப் பாருங்கள். டிஸ்க்கின் பெயரில் 7 என்ற எண் இருந்தால் படிக்க முடியாத பகுதி அகப்பட்டிருக்கிறது என்று பொருள். 153 என்பது ஒரு கோரிக்கை மறுபடி அனுப்பப்பட்டதையும், 129 என்பது பதில் வராததால் இணைப்பு ரீசெட் செய்யப்பட்டதையும் குறிக்கும். 7 இல்லாமல் பின்னிரண்டு மட்டுமே இருந்தால் நான் பெரும்பாலும் கேபிளையும் மின்சாரத்தையுமே மறுபடி பார்ப்பேன்.

டிஸ்க் தட்டுத்தடுமாறியாவது திறக்கிறது என்றால், அன்றைக்கே பிரதி எடுக்க உட்காருங்கள். முழு டிஸ்க்கையும் ஒரே மூச்சில் இழுத்துப் போட வேண்டாம்; பழுதான பகுதியில் இருக்கும் ஒரே ஒரு கோப்பு முழு வேலையையும் நிறுத்திவிடும். வேறெங்கும் பிரதி இல்லாத டிசைன் படங்கள் முதலில், கணக்குகள் அடுத்து, மற்றவை கடைசியில் என்று சிறு சிறு ஃபோல்டர்களாக எடுங்கள். விண்டோஸில் அதுவும் முடியாவிட்டால், பென் டிரைவிலிருந்து லினக்ஸை இயக்கி, 'டிடி ரெஸ்க்யூ' என்ற இலவச நிரலைப் பயன்படுத்தத் தெரிந்தவரை நாடுங்கள். அது நல்ல பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, அடம்பிடிக்கும் பகுதிகளுக்குப் பின்னர் திரும்புகிறது. எதுவரை எடுத்தது என்பதைத் தனியே குறித்து வைப்பதால் இடையில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இதற்கு அதே அளவோ அதற்கு மேலோ உள்ள இன்னொரு டிஸ்க் தேவைப்படும்.

லோகோவில் நிற்பதற்குத் தனிக் காரணம் இருக்கலாம். கணினி ஆன் ஆனதும் முதலில் இயங்கும் பயாஸ் அமைப்பில், எந்த டிஸ்க்கிலிருந்து தொடங்குவது என்ற பூட் வரிசையில் யு.எஸ்.பி. முதலாவதாக இருந்தால், கணினி விண்டோஸை அந்த டிஸ்க்கில் தேடும். உள் டிஸ்க்கை முதலில் வையுங்கள்; கணினி முழுவதும் எழுந்த பிறகே வெளி டிஸ்க்கைச் செருகுங்கள்.

எல்லாவற்றையும் பிரதி எடுத்த பிறகுதான், கோப்பமைப்பின் பிழைகளைச் சரிசெய்யும் விண்டோஸின் 'செக் டிஸ்க்' கட்டளை. அதற்கும் முன் 'கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ' என்ற இலவச நிரலில், டிஸ்க்கின் பழுதான பகுதிகளை எண்ணிக் காட்டும் 05, சி5, சி6 ஆகிய வரிகளைப் பாருங்கள். மூன்றும் பூஜ்யமாக இருந்தால் கோப்பமைப்பை மட்டும் சரிசெய்து, டிஸ்க்கைத் தொடர்ந்து பயன்படுத்தலாம். சி5, சி6 வரிகளில் எண் இருந்து, அடுத்தடுத்த வாரங்களில் அது கூடினால் அந்த டிஸ்க்குக்கு ஓய்வு கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டின் சம்பளக் கணக்கைப் பார்த்துக்கொள்கிறேன். லேப்டாப்புடன் பெரிய எக்ஸ்டர்னல் டிஸ்க் ஒன்றை இணைத்திருக்கிறேன். அதற்குத் தனி அடாப்டர் உண்டு. மழைக்காலத்தில் கரண்ட் போகும்போதெல்லாம் லேப்டாப் அப்படியே உறைந்துவிடுகிறது. பேட்டரிதான் இருக்கிறதே, ஏன் நிற்கிறது? மலை உயரமும் பனியும் காரணமா?
— ஒரு வாசகி, ஏற்காடு

பதில்: உங்கள் கேள்வியிலேயே விடை இருக்கிறது அம்மா. பேட்டரி இருப்பது லேப்டாப்புக்கு, டிஸ்க்குக்கு அல்ல. மூன்றரை அங்குல டிஸ்க்குகளுக்கு 12 வோல்ட் வேண்டும், அதை யு.எஸ்.பி. போர்ட் தர முடியாது என்பதால்தான் அந்த அடாப்டரைச் சுவரில் செருகியிருக்கிறீர்கள். கரண்ட் போன கணத்தில் டிஸ்க் அணைந்துவிடுகிறது. அதில் கணக்கைச் சேமித்துக்கொண்டிருந்த லேப்டாப் பதிலுக்குக் காத்து நிற்கிறது. லேப்டாப் நிற்பதைவிட, பாதி எழுதப்பட்ட சம்பளக் கோப்பு கெட்டுப்போகக்கூடும் என்பதே எனக்குக் கவலையாக இருக்கிறது. டிஸ்க்கின் அடாப்டரை ஒரு சிறிய யு.பி.எஸ்.ஸில் இணையுங்கள். அல்லது கணக்கை லேப்டாப்பிலேயே வைத்து வேலை செய்து, மாலையில் ஒருமுறை மட்டும் டிஸ்க்கில் பிரதி எடுங்கள். புதிதாக வாங்குவதாக இருந்தால், போர்ட்டிலிருந்தே மின்சாரம் எடுக்கும், சுழலும் பாகம் இல்லாத எஸ்.எஸ்.டி. வகை டிஸ்க் உங்கள் ஊருக்குப் பொருத்தம்.

உயரத்தைப் பற்றிய அச்சம் வேண்டாம். டிஸ்க்கின் தலைப்பகுதி மெல்லிய காற்றுப் படலத்தின் மீது மிதந்தே தட்டுகளைப் படிக்கிறது என்பதால் காற்றழுத்தத்துக்கு ஒரு வரம்பு உண்டுதான். ஆனால் பொதுவாக ஏறக்குறைய 3,000 மீட்டர் வரை இயங்கும்படியே டிஸ்க்குகள் செய்யப்படுகின்றன. ஏற்காடோ சுமார் 1,500 மீட்டர். ஈரம் வேறு விஷயம். அது உலோக முனைகளை மெல்ல அரித்துவிடும். பயன்படுத்தாத நாட்களில் டிஸ்க்கையும் கேபிளையும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இறுக்கமாக மூடும் டப்பாவில் வையுங்கள். குளிரில் இருந்து எடுத்ததும் செருகாமல், அறையின் வெப்பநிலைக்கு வரும்வரை சற்று நேரம் விட்டுவிட்டுப் பிறகு இணையுங்கள்.