கார் மாடல் கிட் கேள்வி பதில்: சந்தேகம் வந்தால் 24-ஆல் வகுங்கள்

பிளாஸ்டிக் கார் கிட் கட்டுகிறவர்கள் கேட்டவையும் அவற்றுக்கான பதில்களும் இங்கே. அளவெல்லாம் 1/24-க்கு, அதாவது நிஜக் காரின் நீளத்தில் 24-இல் ஒரு பங்கு. அமெரிக்கக் கிட்டுகளில் பல 1/25-இல் வரும். 4.8 மீட்டர் நீளமுள்ள கார் 1/24-இல் 200 மி.மீ., 1/25-இல் 192 மி.மீ. இரண்டையும் அடுத்தடுத்து நிறுத்தினால் அந்த 8 மி.மீ. கண்ணில் படும்.

கே: முதல் கிட் இது. விளக்கத்தாள் எஞ்சினில் தொடங்குகிறது. அப்படியே போகலாமா சார்?

வேண்டாம், பாடியை முதலில் எடுங்கள். லாக்கர் பெயிண்ட் (கரைப்பான் ஆவியாகிக் காயும் வகை) உள்வரை இறுகக் கிட்டத்தட்ட ஒரு வாரம் ஆகும். அந்த வாரத்தில் எஞ்சின், சேஸி, உள்பக்கம் எல்லாம் முடிந்துவிடும். தாளில் உள்ளபடியே போனால் சேஸி தயாராகிக் காத்திருக்கும், பாடி இன்னும் காய்ந்திருக்காது. கை சும்மா இருக்காது, விரல் ரேகை பதியும்.

கருவிகள் அதிகம் தேவையில்லை. தட்டை முனை நிப்பர், கூர்கத்தி, 600 முதல் 3000 எண் வரை நீர்த்தாள் (நீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள், எண் ஏற ஏற நுண்மை), மெல்லிய பிளாஸ்டிக் சிமெண்ட், மாஸ்கிங் டேப் போதும். ஏர்பிரஷ் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பாகங்கள் ஒட்டிக்கொண்டு வரும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து ஒவ்வொன்றையும் இரண்டு வெட்டாக எடுங்கள்: 2–3 மி.மீ. தள்ளி முதல் வெட்டு, ஒட்டி இரண்டாவது. ஒரே வெட்டில் எடுத்தால் பிளாஸ்டிக் வெளுத்துக் குழி விழும். அந்தக் குழி பெயிண்டுக்கு அடியிலும் தெரியும்.

கே: பெயிண்டுக்கு முன் பாடியில் என்னென்ன செய்ய வேண்டும்?

நல்ல மாடலையும் சுமாரான மாடலையும் பிரிப்பது இந்தக் கட்டம்தான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

அச்சுப் பாகங்கள் சேரும் இடத்தில் மெல்லிய கோடு ஓடும். பெரும்பாலும் மட்கார்டின் மேல்விளிம்பிலும் கூரைத் தூண்களிலும் இருக்கும். விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால்தான் தெரியும். 600 தாளில் நீர் தொட்டுத் தேய்த்து, 1000-த்தில் முடியுங்கள். நிஜக் காரில் அங்கே கோடு எதுவும் கிடையாது.

அடுத்து கதவு, பானெட், டிக்கி இடுக்குகள். நிஜக் காரில் 4–5 மி.மீ. இடைவெளி, 24-ஆல் வகுத்தால் 0.2 மி.மீ. பிரைமர் (அடிப்பூச்சு), நிறம், கிளியர் (நிறமற்ற மேல்பூச்சு) மூன்றும் அந்த இடுக்கின் இரு சுவரிலும் அடியிலும் ஏறும்போது பள்ளம் பாதி தூர்ந்துவிடும். ஆகவே பெயிண்டுக்கு முன்பே கத்தியின் முதுகாலோ ஸ்கிரைபராலோ (கோடு கீறும் கூர்முனைக் கருவி) ஆழப்படுத்துங்கள். அழுத்தமே வேண்டாம், நாலைந்து தடவை மெல்ல இழுத்தால் போதும். அழுத்தினால் முனை தடம் மாறிக் கதவின் நடுவே கீறிவிடும். அதை நிரப்பித் தேய்ப்பது ஒரு மாலை வேலை.

கடைசியில் பாத்திரம் கழுவும் சோப்பும் வெதுவெதுப்பான நீரும் கொண்டு கழுவுங்கள். தேய்த்த தூசி, விரல் எண்ணெய், அச்சிலிருந்து வந்த பிசுக்கு எல்லாம் போகும். அதன்பின் பாடியை உள்பக்கம் பிடித்தே தூக்குங்கள்.

கே: ஸ்ப்ரே கேனில் அடித்தால் ஆரஞ்சுத் தோல் மாதிரி வருகிறது. சிலநாள் வெளுத்தும் போகிறது.

இரண்டும் வெவ்வேறு கோளாறு. ஆரஞ்சுத் தோல், துளிகள் பரவிச் சமமாகும் முன்பே காய்ந்துவிடுவதால் வருவது. தூரம் அதிகமாக இருக்கலாம், கேன் குளிர்ந்து அழுத்தம் குறைந்திருக்கலாம். கேனை 40 டிகிரிக்கு மேல் போகாத வெந்நீரில் சில நிமிடம் வைத்துக் குலுக்குங்கள். அடுப்பில், கொதிநீரில் வைக்கவே கூடாது, வெடிக்கும். 20 செ.மீ. தூரத்தில், பாடிக்கு வெளியே தொடங்கி வெளியே முடியும்படி கையை ஓட்டுங்கள். முதல் இரண்டு பூச்சு தூவல் மட்டும், அடியில் பிரைமர் தெரியலாம். 10–15 நிமிடம் விட்டு மூன்றாவதை ஈரம் பளபளக்கும் அளவுக்கு அடியுங்கள்.

வெளுப்புக்குக் காரணம் காற்றின் ஈரப்பதம். கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து நீர் படிகிறது. மழை நாளில் லாக்கரைத் தொடாதீர்கள். வெளுத்துவிட்டால் வறண்ட நாளில் இன்னொரு மெல்லிய பூச்சு கொடுத்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

டாமியா நிறுவனத்தின் ஸ்ப்ரே கேன் வாங்குகிறவர்களுக்கு ஒரு சொல்: டிஎஸ் வரிசைதான் கிட் பிளாஸ்டிக்குக்கு. பிஎஸ் வரிசை ரிமோட் கார்களின் பாலிகார்பனேட் பாடிக்கு.

கே: சிவப்பு பிளாஸ்டிக் பாடி, வெள்ளை அடித்தேன். ரோஜா நிறம் ஆகிவிட்டது!

லாக்கர் பிளாஸ்டிக்கின் சாயத்தைக் கரைத்து மேலே இழுத்திருக்கிறது. இன்னும் எத்தனை வெள்ளை அடித்தாலும் ஏறிக்கொண்டேதான் இருக்கும். பிரைமருக்கு மேல் ஒரு சில்வர் பூச்சு கொடுத்து மறைத்துவிட்டு, வெள்ளையை மெல்லிய தூவல்களாக அடியுங்கள்.

கே: எனாமல், லாக்கர், எது மேல் எது?

எனாமல் என்பது மெதுவாகக் காயும் எண்ணெய் வகைப் பெயிண்ட். லாக்கர் மேல் எனாமல் போகலாம். எனாமல் மேல் லாக்கர் போனால் சுருங்கும்.

கே: மெட்டாலிக் நிறம் ஏன் பொம்மைக் கார் மாதிரி தெரிகிறது?

வகுப்பதற்குப் பதில் இங்கே பெருக்குங்கள். 0.1 மி.மீ. மினுக்குத் துகள் நிஜக் காரில் 2.4 மி.மீ. சரிகை. பொதுக்கடைக் கேன்களை விட்டுவிட்டு, மாடலுக்கென்றே நுண்துகளோடு வரும் பெயிண்டை எடுங்கள்.

கே: டீக்கால் (நீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய படம்) ஒட்டி மேலே கிளியர் அடித்ததும் டீக்கால் சுருங்கிக் கிழிந்தது. கிளியரே வேண்டாமா?

வேண்டும். லாக்கர் கிளியரை எடுத்த எடுப்பில் ஈரமாக அடித்ததுதான் தவறு. டீக்காலை ஒட்டி ஒருநாள் முழுக்கக் காயவிடுங்கள், அடியில் தங்கிய நீரும் சுருக்கும். பிறகு 30 செ.மீ. தள்ளி நின்று மூன்று நான்கு தூவல், ஒவ்வொன்றுக்கும் நடுவே அரைமணி. மேலே ஓர் ஓடு மாதிரி உருவான பிறகே ஈரப் பூச்சு. வளைவில் டீக்கால் படியவில்லை என்றால் மென்மையாக்கும் திரவத்தைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். முதலில் சுருண்டு பயமுறுத்தும், காயும்போது தானே படியும். அந்த நேரத்தில் தொட்டால் போச்சு.

கே: பாலிஷ் போடும்போது விளிம்பில் நிறம் போய் பிரைமர் தெரிகிறது.

விளிம்பில் பெயிண்ட் எப்போதும் மெலிந்தே நிற்கும், பரப்பு இழுவிசை அதைச் சமதளத்துக்கு இழுத்துவிடும். தேய்க்கும் முன் கதவு விளிம்பு, மட்கார்டு முனை, பானெட் மடிப்பு எல்லாவற்றிலும் 1–2 மி.மீ. அகல டேப் ஒட்டுங்கள். நடுப்பகுதியை 2000, 3000 தாளில் நீர் விட்டுத் தேய்த்து, டேப்பை எடுத்துவிட்டு காம்பவுண்டால் (பாலிஷ் பசை) மட்டும் விளிம்பைத் தொடுங்கள். பெயிண்ட் காய்ந்ததா என்று மூக்கைக் கேளுங்கள்: பாடியை முகர்ந்தால் வாசனை வரக்கூடாது.

இடுக்கில் கருமை ஏற்றுவது இதற்குப் பிறகுதான். நீர்த்த எனாமல் போதும், ஆனால் எல்லாக் காருக்கும் கறுப்பு வேண்டாம். வெள்ளைக் காருக்குச் சாம்பல், சிவப்புக்கு அடர்பழுப்பு. கறுப்பு விட்டால் கார்ட்டூன் ஆகிவிடும்.

கே: குரோம் பம்பரில் அச்சுக் கோடு இருக்கிறது. தேய்த்தால் குரோம் போய்விடுமே?

போகத்தான் செய்யும், முழுதாகவே நீக்கிவிடுங்கள். அந்தக் குரோம் உண்மையில் மெல்லிய அலுமினியப் படலம். வீட்டு பிளீச்சில் ஊறவைத்தால் சில நிமிடத்திலிருந்து ஒரு மணிநேரத்துக்குள் கரையும். கையுறை போடுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள். அமிலக் கிளீனர் எதையும் அதில் சேர்க்காதீர்கள், நச்சுவாயு வரும். கோட்டைத் தேய்த்து, பளபளப்பான கறுப்பு அடித்து, அது கண்ணாடிபோல் காய்ந்தபின் ஏர்பிரஷில் மிக மெல்லியதாகக் குரோம் லாக்கர். அதிகம் அடித்தால் வெறும் சில்வராகிவிடும்.

கிரில்லுக்கு இந்தப் பாடு தேவையில்லை. இடுக்குகளில் நீர்த்த கறுப்பு எனாமலை ஓடவிட்டு மேலே துடைத்தாலே உயிர் வந்துவிடும்.

கே: கண்ணாடி ஒட்டியதும் உள்ளே பனி படர்ந்தது அண்ணா. காப்பாற்ற முடியுமா?

சூப்பர் குளூவின் ஆவி. கண்ணாடிப் பாகத்துக்கு அது கூடவே கூடாது. வெள்ளைப் பசையால் ஒட்டி, டேப்பால் பிடித்து இரவு முழுக்க விடுங்கள். லேசான பனி என்றால் கழற்றி நுண் காம்பவுண்டால் தேய்த்தால் போகும். கழற்ற வராது என்றால் உள்பக்கம் தூரிகையால் பளபளப்பான அக்ரிலிக் கிளியர் பூசிப் பாருங்கள், ஓரளவு தெளியும்.

கே: வி8 எஞ்சினுக்கு பிளக் வயர் போட என்ன தடிமன்?

நிஜ வயர் 7–8 மி.மீ., ஆக 0.3 மி.மீ. தடித்த வயரைப் போட்டால் எஞ்சினில் தோட்டக் குழாய் சுற்றியது போலிருக்கும். டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்தனுப்பும் பாகம்) மூடியில் 0.35 மி.மீ. துரப்பணத்தால் ஓரத்தில் எட்டு, நடுவில் காயிலுக்கு ஒன்று எனத் துளையுங்கள்.

வயர்களை சிலிண்டர்கள் எரியும் வரிசையில் மாட்டுங்கள், அந்த வரிசை தெரிந்த கண் அதைத்தான் முதலில் பார்க்கும். செவ்ரோலேயின் ஸ்மால் பிளாக் வி8 என்றால் 1-8-4-3-6-5-7-2, மேலிருந்து பார்க்க வலஞ்சுழி. ஓட்டுநர் பக்கம் (அமெரிக்கக் காரில் இடது) முன்னிருந்து 1, 3, 5, 7, எதிர்ப்பக்கம் 2, 4, 6, 8. ஃபோர்டின் 302 வி8-க்கு 1-5-4-2-6-3-7-8, இடஞ்சுழி. அதில் சிலிண்டர்களுக்கு எண் இடும் முறையும் வேறு: ஒரு பக்கம் 1 முதல் 4, ஓட்டுநர் பக்கம் 5 முதல் 8.

சீட் பெல்டுக்கும் இதே கணக்கு: 48 மி.மீ. பட்டை 2 மி.மீ. ஆகும். டேப்பை அந்த அகலத்துக்கு வெட்டிப் பெயிண்ட் அடித்தால் போதும்.

கே: பழைய கிட்டைத் திறந்தேன், டயர் பட்ட இடத்தில் விண்ட்ஷீல்டு உருகியிருக்கிறது.

வினைல் டயரில் உள்ள மென்மையாக்கி கசிந்து பாலிஸ்டைரீனைக் கரைக்கும். வாங்கிய அன்றே டயரைத் தனிப் பையில் போடுங்கள். மாட்டும்போது ரிம்மில் டயர் அமரும் பள்ளத்தை ஃபாயிலால் மூடிவிடுங்கள். உருகிய விண்ட்ஷீல்டைத் தேய்த்து மீட்க முடியாது, வேறு பாகம்தான்.

கே: நாலு சக்கரமும் தரையில் படவில்லை.

ஆக்சில் ஒட்டிய சிமெண்ட் இறுகும் முன் சேஸியைத் தட்டைக் கண்ணாடித் துண்டில் சக்கரங்களோடு நிறுத்தி டேப் போடுங்கள். இறுகிய பின் என்றால் தூக்கி நிற்கும் சக்கரத்தின் ஆக்சில் மூட்டை வெட்டி மறுபடி ஒட்ட வேண்டும். டயரின் அடியைத் தேய்த்துச் சமாளிக்கலாம் என்று பார்க்காதீர்கள், பாடி சாய்ந்தே நிற்கும்.