தாத்தாவுக்கு வந்தது காமாலை இல்லப்பா

அன்புள்ள அக்கா,

நான் குன்னூர்காரன். எங்க தாத்தா ரெண்டாம் உலகப்போர்ல ஏர்ஃபோர்ஸ் ஃபிட்டர், அதாவது பிளேன் ரிப்பேர் பாக்கற ஆள். 1944ல இம்பால், அப்புறம் பர்மா. அங்கிருந்து மாமன் மகளுக்கு, அதாவது எங்க பாட்டிக்கு, கல்யாணத்துக்கு முன்னாடி எழுதின 31 லெட்டர் பரண்ல கிடைச்சுது. நாவல் எழுதலாம்னு ஆசையா பிரிச்சா ஒரு குண்டு வெடிக்கல, ஒரு பிளேன் விழல. மழை, சேறு, சட்டை காயல, செருப்பு வார் அறுந்துடுச்சு, அங்க பேரிக்கா காய்ச்சிருக்கா, இவ்வளவுதான். காதல்ங்கற பேச்சே இல்ல. பாட்டிக்கு படிக்கத் தெரியாது, போஸ்ட்மேன்தான் படிச்சுக் காட்டுவாராம். ஒண்ணுல மட்டும் "இங்க எல்லாரும் மஞ்சளாயிட்டோம், எனக்கு நலங்கு இங்கயே முடிஞ்சுது"ன்னு இருக்கு. மஞ்சள் காமாலையா? போர்க்காட்சி எழுத என்னென்ன படிக்கணும்? லெட்டர் வீணாகக் கூடாதுன்னு 11ஐ லேமினேட் பண்ணிட்டேன்.

ரா.

தம்பி ரா.,

முதல்ல அந்த லேமினேஷன். எண்பது வருஷக் காகிதத்தைச் சூடு காட்டி பிளாஸ்டிக்ல ஒட்டிட்டியே, இனி யாராலயும் பிரிக்க முடியாது, அதுக்கு நீ பரண்லயே விட்டிருக்கலாம், கரையானாச்சும் கொஞ்சம் மிச்சம் வெச்சிருக்கும். மீதி இருபதையும் கடைக்காரன்கிட்ட கொடுத்தேன்னு கேள்விப்பட்டேன்னா, கோத்தகிரியிலருந்து அடுத்த பஸ் பிடிச்சு வந்து உதைப்பேன். பிரிச்சு, நிழல்ல ஈரம் போக்கி, காகித உறையில வை. நம்ம ஊர் மூடுபனிக்கு அதுவே பெரிய விஷயம்.

போர்க்காட்சியெல்லாம் கூகுள் சொல்லும். ஹரிகேன் பிளேன் எத்தனை மைல் வேகம்னு தெரிஞ்சு எவனும் நாவல் எழுதினதில்ல. தாத்தா பைலட் இல்லையேன்னு உனக்கு உள்ளூர ஒரு வருத்தம், லெட்டர்ல தெரியுது. போப்பா. போர் தொடங்கும்போது நம்ம ஏர்ஃபோர்ஸ்ல ஒரே ஒரு ஸ்குவாட்ரன், அதாவது ஒரே ஒரு பிளேன் படைப்பிரிவு, முடியும்போது ஒன்பது. அத்தனையும் ஃபிட்டர் கை படாமலா பறந்துச்சு?

காமாலையும் இல்ல. அது மெப்பாக்ரின். மலேரியாவுக்கு தினம் முழுங்கற மஞ்சள் மாத்திரை, ஒரே கசப்பு, கொஞ்ச நாள்ல தோலே மஞ்சளாயிடும். 1943ல பர்மா பக்கம் குண்டடி பட்டு ஒருத்தன் ஆஸ்பத்திரிக்குப் போனா நோயில 120 பேர் போனாங்கன்னு அங்க படையை நடத்தின ஜெனரல் ஸ்லிம்மே எழுதியிருக்கார். ஆளுங்க மாத்திரை முழுங்கலன்னா கமாண்டரையே தூக்கிட்டார் மனுஷன். பொழுது சாஞ்சா முழுக்கை சட்டை வேற போட்டே ஆகணும். இப்ப அந்தச் "சட்டை காயல"ங்கறத மறுபடி படி.

இதுல எனக்கு ஆறாத விஷயம் ஒண்ணு இருக்கு. மலேரியாவுக்குப் பழைய மருந்து கொய்னா இருக்கறப்போ மெப்பாக்ரின் எதுக்கு? 1942ல ஜாவாவை ஜப்பான்காரன் பிடிச்சுட்டான், உலகத்துக்கே கொய்னா பெரும்பாலும் அங்கிருந்துதான். ஆனா நம்ம மலையில பாரு, 1860கள்லயே தொட்டபெட்டாவுலயும் நடுவட்டத்துலயும் கொய்னா எடுக்கற சிங்கோனா மரம் நட்டாச்சு, நடுவட்டத்துல கொய்னா ஃபேக்டரியே இருந்துச்சு, ஆனா அத்தனை பெரிய படைக்கு அது எந்த மூலைக்கு! கொய்னா மரம் வளர்ற மலையில பொறந்தவன் பர்மா எல்லையில உக்காந்து ஃபேக்டரி மாத்திரை முழுங்கி மஞ்சளாகறான், மஞ்சளானவன் ஆஸ்பத்திரி பேச்சு பேசாம மாமன் மகளுக்கு நலங்குன்னு எழுதறான். நீ காதல் எங்கேன்னு தேடற.

எங்கன்னுதான்டா எழுதுவான்? ஊர் பேர் எழுதக்கூடாது, பிளேன் பேர் எழுதக்கூடாது. சென்சார்காரன் படிப்பான், தப்பினா போஸ்ட்மேன் படிப்பான், அதுவும் சத்தமா, திண்ணையில, உன் பாட்டியோட அப்பன் பக்கத்துல உக்காந்திருக்க. அவ்வளவு பேர் காதையும் தாண்டி அந்தப் பொண்ணு காதுக்கு மட்டும் போய்ச் சேர்ற மாதிரி ஒரு வாக்கியம் வேணும். நலங்குன்னா சென்சார்காரனுக்கு ஒண்ணும் புரியாது, போஸ்ட்மேனுக்கு அது ஒரு ஜோக், அவளுக்கு? செருப்பு வாரும் பேரிக்காயும் அதே ஜாதிதான். இம்பாலைச் சுத்தி ஜப்பான்காரன் ரோட்டை அடைச்சு வெச்சிருந்த மாசங்கள்ல எல்லாமே பிளேன்லதான் வந்து இறங்கணும், அரிசி மாவுக்கே அளவு, அதுலயும் தபால் மூட்டை இறங்கியிருக்கு. அதுக்குள்ள எங்கயோ உங்க வீட்டுப் பேரிக்காயும் போயிருக்கும்.

எனக்கு இது எப்படித் தெரியும்னா நானும் ஒரு போஸ்ட்மேன்தான். 1970கள்ல சிலோன்ல இருந்து தாயகம் திரும்பின குடும்பங்க எங்க எஸ்டேட் லைனுக்கு வந்தாங்க. பக்கத்து வீட்டு அக்கா ஒருத்தி, கட்டிக்கப் போறவன் இன்னும் அங்கயே, பேப்பர் வரல. அவன் லெட்டரை நான்தான் படிப்பேன், எனக்கு பத்து வயசு. "அரைப்பேர்தான் போட்டாங்க, லயத்துக்குப் பின்னாடி கொய்யா காய்க்குது, கூரை ஒழுகுது" இப்படியே போகும். அரைப்பேர்னா பாதி நாள் கூலி, லயம்னா எஸ்டேட் லைன் வீடு. எனக்கு விளையாடப் போற அவசரம், ஒருநாள் அந்தக் கொய்யாவைத் தாண்டிட்டேன். அக்கா ஒண்ணும் பேசல. கொழுந்து பறிச்சுக் கறுத்துப்போன கட்டைவிரலைக் கொண்டாந்து சரியா அந்த வரியில வெச்சா.

"இது பாக்கி."

"உனக்குத்தான் படிக்கத் தெரியாதேக்கா?"

"எண்ணத் தெரியும்டி. இருபத்திரண்டு வரி, நீ இருபத்தொண்ணுதான் மூச்சு விட்ட."

நான் வர்றதுக்கு முன்னாடியே வரியை எண்ணி வெச்சிருப்பா போல. கொய்யா வரியை மூணு தடவை படிக்கச் சொன்னா, மூணாவது தடவை சிரிச்சா, ஏன்னு எனக்குச் சொல்லல. அந்த மரத்தடியில என்ன நடந்துச்சோ, இந்த வயசுலயும் எனக்கு அது தெரிஞ்சாகணும்.

நாவல் பத்தி கேட்டிருந்தே இல்ல? அப்புறம் பேசலாம். அந்த நலங்கு லெட்டர் லேமினேட் ஆன பதினொண்ணுல இருக்கா, இல்ல தப்பிச்ச இருபதுல இருக்கா, அதை முதல்ல சொல்லு. பின்பக்கம் திருப்பிப் பாத்தியா? வரிக்குப் பக்கத்துல கரிக்கோடோ புள்ளியோ இருக்கான்னு பாரு, பாட்டி எண்ணியிருந்தாலும் எண்ணியிருப்பாங்க.

அக்கா