சனிக்கிழமைக் கண்ணாடி வகுப்பு: கேட்டதும் சொன்னதும்

மும்பை மாட்டுங்காவில் சனிக்கிழமைதோறும் நடக்கும் எங்கள் வண்ணக் கண்ணாடி வகுப்பில் எட்டு வாரம் முடிந்திருக்கிறது. எல்லாரும் சொந்த புராஜெக்ட் தொடங்கும் நேரம். வகுப்பில் கேட்க முடியாமல் எழுதி அனுப்பிய கேள்விகளுக்கும், பதிலைப் பார்த்து மறுபடி எழுதியவர்களுக்கும் இங்கே பதில் சொல்கிறேன். கேட்டவர்களின் பேட்டையை மட்டும் போட்டிருக்கிறேன்.

செம்பூர்: அக்கா, முதல் புராஜெக்டாக மயில் செய்யலாமா? 48 துண்டுள்ள பேட்டர்ன் எடுத்து வைத்திருக்கிறேன்.

வேண்டாம்மா. மயிலின் கழுத்து முழுக்க உள்வளைவு. உள்வளைவில் கண்ணாடி நம் கோட்டை மதிக்காது, குறுக்கே ஓடிவிடும். முதல் வேலையாக ஒரு பட்டம் செய், சங்கராந்திக்கு மாடியில் விடுகிற அதே பட்டம். நாலு முக்கோணம், நாலு நிறம், எல்லாம் நேர்கோடு. சுலபம் போலத் தெரியும். ஆனால் நாலு முனையும் நடுவில் ஒரே புள்ளியில் சேர வேண்டும். ஒரு துண்டு அரை மில்லிமீட்டர் பெருத்தாலும் நடுவில் இருக்கும் கூட்டல்குறி கோணிக்கொள்ளும். துண்டின் ஓரத்தில் சுற்றும் தாமிர நாடாவுக்கும் கொஞ்சம் இடம் விட வேண்டும் என்பது அப்போதுதான் உறைக்கும். துண்டுக்குத் துண்டு நாடா சுற்றுகிறோம் இல்லையா, அதன் கனம் சேர்ந்துகொண்டே போய், 48 துண்டு மயில் பேட்டர்னைவிடப் பெரிதாகிவிடும். பட்டத்தில் இந்தக் கணக்கு கைக்கு வந்துவிட்டால், அடுத்து மீன், அதற்கடுத்து மயில்.

நாடா சுற்றும்போது இன்னொன்றையும் பார். நம் கண்ணாடி 3 மி.மீ., நாடா ஏறக்குறைய 5.5 மி.மீ. அப்படியானால் முன்னும் பின்னும் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் மடிய வேண்டும். ஒரு பக்கம் அதிகமாக மடிந்தால் துண்டுகளை ஒட்டவைக்க உருக்கி விடும் சால்டர் (பற்றாசு) கோடும் அந்தப் பக்கம் தடித்துப்போகும். பிறகு அதைச் சரிசெய்ய முடியாது.

டோம்பிவிலி: நான் வெட்டினால் மட்டும் கோட்டை விட்டு உடைகிறது, ஏன்?

ஒரே கோட்டில் இரண்டு முறை கட்டரை ஓட்டுகிறீர்கள். போன வாரம் பார்த்தேன். கட்டர் கண்ணாடியை வெட்டுவதே இல்லை. மேற்பரப்பில் மெல்லிய பிளவு ஒன்றைத் தொடங்கிவைக்கிறது, அவ்வளவுதான். மிச்ச வேலை நம் கையுடையது. இரண்டாம் முறை ஓட்டினால் பிளவு சிதறும், கட்டர் முனையில் இருக்கும் சக்கரமும் கெட்டுப்போகும்.

காதைக் கொடுத்துக் கேளுங்கள். சக்கரம் சரியாக ஓடினால், பட்டுத்துணியை நிதானமாகக் கிழிப்பதுபோல ஒரே சீரான சத்தம் வரும். அழுத்தம் குறைந்தால் சத்தம் விட்டுவிட்டு வரும். கூடிப்போனால் கோட்டின் இருபுறமும் வெள்ளைப் பொடி தெரியும், சில்லும் பறக்கும். கோடு ஓரத்தில் தொடங்கி ஓரத்தில் முடிய வேண்டும். போட்டவுடனே உடைத்துவிடுங்கள், ஆறப்போடாதீர்கள்.

காட்கோபர்: பழைய ஷவர் கதவுக் கண்ணாடி இருக்கிறது. வெட்டிப் பயன்படுத்தலாமா?

அது டஃபன்டு கண்ணாடி, சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்துக் கடினமாக்கியது. வெட்டவே முடியாது, வெட்டப் பார்த்தால் மொத்தமும் சின்னச் சின்னத் துண்டாக நொறுங்கும். கொண்டுவராதீர்கள்.

சயான்: லேமிங்டன் ரோட்டில் சால்டர் கம்பியும் 25 வாட் சால்டரிங் அயனும் வாங்கினேன். பிசுபிசுவென்று பழுப்பாக ஒட்டுகிறது. கோடும் மேடு பள்ளமாக வருகிறது.

இரண்டுமே ரேடியோ ரிப்பேருக்கானவை. அந்தக் கம்பியின் நடுவில் குங்கிலியம் இருக்கிறது, பழுப்புப் பிசின் அதுதான். நமக்கு உள்ளே ஒன்றுமில்லாத, கெட்டியான 60/40 கம்பி வேண்டும், அதாவது 60 பங்கு வெள்ளீயம் (டின்), 40 பங்கு காரீயம் (லெட்). சால்டர் ஒட்ட உதவும் ஃப்ளக்ஸைத் தனியே தூரிகையால் தடவிக்கொள்ளலாம். அயன் 80 முதல் 100 வாட், உளிமுனை. 25 வாட்டில் முனை தொட்டதுமே சூடு கண்ணாடிக்குப் போய்விடுகிறது, சால்டர் ஓடாமல் உறைந்து நிற்கிறது. மேடு பள்ளம் அதனால்தான்.

முலுண்ட்: வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை. சமையலறை மேடையில் வேலை செய்யலாமா?

கூடாது. இந்த ஒரு விஷயத்தில் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

நம் சால்டரில் 100 கிராமுக்கு 40 கிராம் காரீயம். புகையைப் பார்த்துத்தான் எல்லாரும் பயப்படுகிறார்கள். அந்தப் புகை பெரும்பாலும் ஃப்ளக்ஸ் பொங்குவது. அதுவும் நுரையீரலுக்கு ஆகாது, ஜன்னலைத் திறந்து மின்விசிறியை வெளிப்பக்கம் பார்த்து வையுங்கள். ஆனால் நம் அயனின் சூட்டில் காரீயம் ஆவியாகிப் போவதில்லை. அது உடம்புக்குள் போகும் வழி விரல்தான். கம்பியைப் பிடித்த விரல், நகக்கண், அங்கிருந்து வாய். குழந்தைகளுக்கு இவ்வளவு வரை பரவாயில்லை என்று ஓர் அளவே கிடையாது, உலக சுகாதார நிறுவனமும் இதையேதான் சொல்கிறது. மூளை வளரும் வயது. கர்ப்பிணிகளுக்கும் இதையே சொல்கிறேன், தாயின் ரத்தத்திலிருந்து கருவுக்குப் போய்விடும். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவி, அந்தச் சட்டையைத் தனியாகத் துவைத்து, மேடையை ஈரத்துணியால் துடையுங்கள். பெருக்கினால் தூசி கிளம்பும். இதற்கெல்லாம் வீட்டில் இடமில்லையென்றால் சால்டர் வேலையை வகுப்பில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வெட்டுவதற்கும் நாடா சுற்றுவதற்கும் காரீயம் வேண்டாம், அதை வீட்டில் செய்யலாம். கண்ணாடிச் சில்லு குழந்தை காலில் குத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாட்டுங்கா: ஏம்மா, ஈயம் ஈயம்னு இத்தனை பயமுறுத்தறியே. எங்காத்துல அறுபது வருஷமா ஈயச்சொம்புலதான் ரசம். எல்லாரும் நன்னாத்தானே இருக்கோம்? அந்தச் சொம்பு அடியில இப்ப பொத்தல். வகுப்பு சால்டரை ரெண்டு சொட்டு விட்டு அடைச்சுக்கலாமோ?

மாமி, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இதைப் படித்ததும் உடனே போன் செய்தேன், அப்போது நீங்கள் எடுக்கவில்லை.

தமிழில் ஈயம் என்று ஒரே சொல்லில் இரண்டு உலோகத்தைச் சொல்கிறோம். ரசச் சொம்பு வெள்ளீயம், ஆங்கிலத்தில் டின் என்கிறார்களே அது. நான் பயமுறுத்துவது காரீயத்தை, அதாவது லெட். வெள்ளீயத்தில் ரசம் வைப்பதில் தவறில்லை. நம் சால்டர் இரண்டும் கலந்தது. புளித்தண்ணீரைக் கொதிக்கவைத்தால் அந்த இரண்டு சொட்டிலிருந்து காரீயம் கரைந்து ரசத்தில் இறங்கும். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக. பேரக்குழந்தைகளும் அந்த ரசத்தைத்தானே சாப்பிடுகிறார்கள்.

அடைக்கவும் முடியாது. வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும். தண்ணீர் ஊற்றாமல் அடுப்பில் வைத்தால் சொம்பு உருகிவிடும் என்பது உங்களுக்குத் தெரியாததா? நம் அயன் முனை 350 டிகிரிக்கு மேல். பொத்தல் உள்ளங்கை அளவுக்குப் பெரிதாகும்.

செம்பூர்: அப்படியானால் கடையில் விற்கும் ஈயச்சொம்பில் காரீயம் கலந்திருந்தால்?

கலந்திருந்தால் ஆபத்துதான். காரீயம் விலை குறைவு, கலப்படத்துக்கு ஆசை காட்டும். பார்த்துச் சொல்ல முடியாது. உலோகப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துப் பாருங்கள்.

நேருல்: 60/40 சால்டர் இரண்டு உலோகத்தையும்விடச் சீக்கிரம் உருகுகிறது என்று வகுப்பில் சொன்னீர்களே, இரண்டுக்கும் நடுவில்தானே வர வேண்டும்?

நல்ல கேள்வி. காரீயம் 327, வெள்ளீயம் 232, இரண்டும் கலந்த 60/40 மட்டும் 183 முதல் 190 டிகிரிக்குள். ஓர் உலோகம் இன்னொன்றின் அடுக்கைக் கலைத்துவிடுவதால் கட்டு தளர்ந்து முன்னதாகவே இளகுகிறது. 183-க்கும் 190-க்கும் இடையில் அது கூழ்போல இருக்கும். கோட்டை உருட்டித் திரட்ட அந்தச் சில நொடிதான் நமக்குக் கிடைக்கும் அவகாசம்.

தாராவி: அக்கா, எங்க தாத்தா பாத்திரத்துக்கு ஈயம் பூசினவர். இங்க கலாய்வாலான்னு சொல்வாங்க. நல்ல வெள்ளீயத்தைக் காதுகிட்ட வெச்சு வளைச்சா கிரீச்சுனு அழும்பார். காரீயம் கலந்தா அழாதாம். அதைச் சொல்லாம பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புறீங்களே?

தாத்தா சொன்னது சரி. வெள்ளீயத்துக்குள் இருக்கும் படிகங்கள் வளையும்போது ஒன்றையொன்று புரட்டிக்கொள்கின்றன, அந்தச் சத்தம்தான் கேட்கிறது. காரீயம் ஊமை. ஆனால் தாத்தா வளைத்துப் பார்த்தது கையில் இருந்த ஈயப் பட்டையை. முடிந்த சொம்பை யாரால் வளைத்துப் பார்க்க முடியும்? கொஞ்சமாகக் கலந்திருந்தால் அவர் காதுக்குத் தெரியலாம், என் காதுக்குத் தெரியாது. அதனால் கூடத்துக்கு என்றேன்.

தாராவி, மறுபடியும்: தாத்தா கண்ணைக் கட்டிக்கிட்டுச் சொல்வார். நவச்சாரப் பொடி தூவி, பஞ்சால ஒரு சுத்து சுத்துவார், அண்டா உள்ள வெள்ளி மாதிரி மின்னும்.

நம்புகிறேன். அந்த நவச்சாரம் வீட்டில் மிச்சமிருந்தால் சனிக்கிழமை கொண்டுவாருங்கள். அயன் முனை கறுத்துப்போய் சால்டர் ஒட்டவில்லை என்று நாலு பேர் எழுதியிருக்கிறார்கள். சூடான முனையை நவச்சாரக் கட்டியில் தேய்த்து, கூடவே ஒரு துளி சால்டரைத் தொட்டால் முனை பளிச்சென்று வெளுத்துவிடும். வெளிநாட்டுக் கருவிக் கடையில் இதையே ஒரு பெட்டியில் போட்டு விற்கிறார்கள். வெள்ளைப் புகை வரும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். எல்லாருக்கும் முன்னால் நீங்களே செய்துகாட்ட வேண்டும்.

டோம்பிவிலியில் இன்னொருவர்: வெட்டும்போது கோட்டை விட்டு உடைகிறது...

மேலே எழுதியிருக்கிறேன், படியுங்கள்.

பாண்டுப்: சால்டர் வேலைக்கு நடுவில் மேஜையிலேயே வடாபாவ் சாப்பிட்டால் என்ன? கையுறை போட்டிருக்கிறேனே.

கையுறையில் ஒட்டியிருப்பதும் காரீயம்தான். முலுண்டுக்குச் சொன்னது உங்களுக்கும். வெளியே போய், கழற்றி, கை கழுவி, சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

வடாலா: பழைய தேவாலயக் கண்ணாடிகள் கீழே தடித்திருக்குமாமே, கண்ணாடி மெல்ல ஒழுகுவதாலா? மும்பையில் நல்ல வேலை எங்கே பார்க்கலாம்?

ஒழுகுவதில்லை. அந்தக் காலத்தில் ஊதிச் சுழற்றி விரித்த கண்ணாடி சீராக வராது, பொருத்துபவர்கள் தடித்த ஓரத்தைப் பெரும்பாலும் கீழே வைத்தார்கள். மேலே தடித்த துண்டுகளும் உண்டு. பழைய ஜன்னல் வயிறு தள்ளி நிற்பது துண்டுகளைப் பிடித்திருக்கும் காரீயச் சட்டங்கள் தளர்வதால்.

கொலாபாவில் ஆப்கன் சர்ச்சுக்குப் போங்கள். 1858-இல் அர்ப்பணிக்கப்பட்டது, ஜன்னல்கள் இங்கிலாந்தின் வில்லியம் வேல்ஸ் செய்தவை. காலையில் கிழக்கு ஜன்னல், சாயங்காலம் மேற்கு. ஃபோர்ட்டில் ராஜாபாய் கோபுரம், 1878. கோபுரத்தை வடிவமைத்த இங்கிலாந்துக் கட்டடக் கலைஞர் கில்பர்ட் ஸ்காட் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. அடியில் இருக்கும் பல்கலைக்கழக நூலகத்தின் கண்ணாடிகளுக்குக் கீழே பத்து நிமிடம் நில்லுங்கள். நிறத்தைப் பிறகு பார்க்கலாம், முதலில் காரீயக் கோடு எங்கே தடிக்கிறது, எங்கே மெலிகிறது என்று பாருங்கள்.

தாணே: கிளாஸ் கலர் ட்யூபால் வரைந்தால் அதுவும் ஸ்டெயின்ட் கிளாஸ்தானே?

இல்லை, அது கண்ணாடி மேல் வண்ணம். நம் கண்ணாடியில் நிறம் உலையிலேயே சேர்கிறது: கோபால்ட் போட்டால் நீலம், தங்கம் போட்டால் ரோஜா நிறம். ரோஜாத் துண்டு ஏன் அந்த விலை என்று கேட்டவருக்கும் இதுவே பதில்.

கல்யாண்: கட்டணம், இடம்?

வகுப்பில் வரவேற்பு மேஜையில் கேளுங்கள்.

சயானில் இன்னொருவர்: ஜன்னலில் தொங்கவிட்ட மீன் பத்து நாளில் விழுந்துவிட்டது. வளையம் மட்டும் கம்பியில் தொங்குகிறது, அதோடு ஒரு துண்டு நாடாவும்.

வளையத்தை மீனின் முதுகில், வெறும் ஓர நாடாவில் பற்றவைத்திருக்கிறீர்கள். நாடாவைக் கண்ணாடியோடு பிடித்திருப்பது வெறும் பசை. வெயிலில் பசை இளகி, மீனின் எடையில் உரிந்துவந்துவிட்டது. இரண்டு துண்டு சந்திக்கும் சால்டர் கோடு ஓரத்துக்கு வரும் இடம் பார்த்து, வளையத்தின் வாலை அந்தக் கோட்டுக்குள் ஒரு அங்குலம் புதைத்துப் பற்றவையுங்கள். மழைக்காலத்தில் கோட்டில் வெள்ளைப் பொடி பூத்தால் ஃப்ளக்ஸ் மிச்சம் இருக்கிறதென்று பொருள். அந்தப் பொடியிலும் காரீயம் உண்டு, ஊதித் தள்ளாதீர்கள். சோப்புத் தண்ணீரில் கழுவி, காய்ந்ததும் மெழுகு தடவி, கையையும் கழுவிவிடுங்கள்.

மாட்டுங்கா: போன்ல சொன்னே, சரி, சொம்பைப் பரண்ல போட்டாச்சு. என் பிள்ளையாருக்குத் தும்பிக்கை வளையற இடத்துல ஆறு கண்ணாடி உடைஞ்சுபோச்சே, அதுக்கு என்ன பண்றது?

தும்பிக்கையின் உள்வளைவை ஒரே துண்டாக வெட்டாதீர்கள் மாமி. வளைவின் ஆழமான இடத்திலிருந்து தந்தத்தின் நுனிவரை ஒரு கோடு போட்டுப் பின்னணியை இரண்டாகப் பிரித்துவிடுங்கள். இரண்டு துண்டும் லேசான வளைவாகிவிடும், புதுக்கோடு தந்தத்தின் நீட்சிபோலத் தெரியும். பேட்டர்னில் பென்சிலால் குறித்து எடுத்துவாருங்கள், முதல் துண்டைச் சேர்ந்தே வெட்டலாம்.